மலையூரில் மருத்துவம்: கட்டடமா, வண்டியா, ஊர் ஆட்களா, அரசு நிலையமா?

மலையில் கிளினிக் தொடங்க ஆசைப்படுபவர்கள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். எம்பிபிஎஸ் முடித்த இளம் தம்பதி, பழைய மாணவர் சங்கம், வெளிநாட்டில் சம்பாதித்துச் சொந்த மாவட்டத்துக்கு ஏதாவது செய்ய நினைக்கும் நண்பர்கள் என்று பல வகை. கேள்வி மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜவ்வாது மலையிலோ கல்வராயனிலோ கூடலூர்ப் பக்கத்திலோ பத்துப் படுக்கை மருத்துவமனை கட்டலாமா, இல்லை நடமாடும் மருத்துவ வண்டி வாங்கலாமா?

இந்த இரண்டோடு இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே சிலரைப் பயிற்றுவித்து, வாரம் ஒரு நாள் மருத்துவர் வந்து பார்ப்பது ஒன்று. ஏற்கெனவே இருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து வேலை செய்வது மற்றொன்று. நன்கொடை கொடுத்தவருக்குப் படம் எடுத்துக் காட்ட இவற்றில் பெரிதாக எதுவும் இருக்காது. அதனாலேயே பேச்சில் வராமல் போகின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கில் எது சிறந்தது என்பதைவிட, எதை முதலில் செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. ஆட்களில் தொடங்கி, தேவை வந்தபோது கட்டடம் கட்டியவர்கள் பல பத்தாண்டுகளாக நிலைத்து நிற்கிறார்கள். கட்டடத்தை முடித்துவிட்டு ஆள் தேடினால் என்ன ஆகும் என்பதற்குப் பூட்டிக் கிடக்கும் சில கட்டடங்களை மலைப் பாதைகளில் நானே பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

"எத்தனை பேருக்குச் சிகிச்சை கொடுத்தோம்" என்ற எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். முகாம் போட்டால் ஒரே நாளில் முந்நூறு பேர் வருவார்கள். அதில் எத்தனை பேருக்கு அந்த நாளால் வாழ்க்கை மாறியது என்பது வேறு கணக்கு.

தாய் இறப்புகளை ஆராய்ந்த தேடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவம் தேடலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மலையூருக்கு இது அப்படியே பொருந்தும். கட்டடம் மூன்றாவது தாமதத்தைக் குறைக்கும். வண்டி இரண்டாவதைக் கொஞ்சம் குறைக்கும். முதலாவதைக் குறைக்க, அந்த வீட்டுக்காரர் நம்புகிற ஆள் அந்த ஊரில் வேண்டும். எந்தத் தாமதத்தால் உங்கள் பகுதியில் உயிர்கள் போகின்றன என்று தெரியாமல் பணத்தைப் போடக் கூடாது. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்த இறப்புகளை வீடு வீடாக உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாலே அது தெரிந்துவிடும்.

நான் வழக்கமாக மூன்று நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்ப்பேன்.

முதலாமவர்: இரவு இரண்டு மணிக்குப் பாம்பு கடித்தவர். தரையில் படுத்துத் தூங்கியவரைக் கட்டுவிரியன் தீண்டினால் வீக்கமோ வலியோ அதிகம் இருக்காது. கொஞ்ச நேரத்தில் கண்ணிமை சொருகும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும்.

இரண்டாமவர்: வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் இளம்பெண். மாத்திரை விலை மலிவு. ஆனால் ஒரு நாள்கூட விட்டுப் போகக் கூடாது. திடீரென்று நின்றால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம், அடுப்படியிலோ கிணற்றடியிலோ.

மூன்றாமவர்: பிறந்து பத்து நாளான குழந்தை. நேற்றுவரை பால் குடித்தது, இன்று காலையிலிருந்து குடிக்கவில்லை. அழுகை மெலிந்துவிட்டது, உடம்பு சில்லிட்டிருக்கிறது. தீட்டுக் காலம் என்பதால் தாயையும் பிள்ளையையும் வெளியே கொண்டுபோக வீட்டில் தயங்குகிறார்கள்.

இவர்களோடு இன்னும் மூன்று கேள்விகள். ஐந்து ஆண்டுக்கு நடத்தும் செலவு எங்கிருந்து வரும்? வேலை செய்பவர்கள் ஐந்து ஆண்டு தங்குவார்களா? சட்டப்படி என்னென்ன அனுமதி வேண்டும்? தொடக்கச் செலவைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அந்தப் பணம் எப்படியும் கிடைத்துவிடும். மூன்றாம் ஆண்டின் சம்பளப் பணம்தான் கிடைக்காது.

## வழி 1: படுக்கையோடு நிலையான மருத்துவமனை

தமிழ்நாட்டில் இதற்கு முதலில் நினைவுக்கு வருவது தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கி. டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் அங்கே மருத்துவம் தொடங்கியது கூரைக் குடிசையில். பக்கத்து ஊர்களின் பழங்குடிப் பெண்களைத் தாங்களே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். படுக்கைகள், அறுவை அரங்கு எல்லாம் அதன் பிறகு, தேவையும் ஆளும் சேர்ந்து வந்தபோது வளர்ந்தவை. சிட்லிங்கியைப் போய்ப் பார்த்துவிட்டு "இதே மாதிரி கட்டடம் கட்டப் போகிறோம்" என்று வருபவர்களிடம் இந்த வரிசையைத்தான் நினைவுபடுத்துவேன். அங்கே கட்டடத்துக்கு முன்னால் அந்த ஊரிலேயே குடியிருந்த இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள்.

இரவு இரண்டு மணி நோயாளிக்கு இதைவிட நல்ல வழி இல்லை, உள்ளே ஆள் இருந்தால். பாம்புக்கடிக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் நஞ்சால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று தெரியும். கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனை உதவாது, கண்ணிமையையும் மூச்சையும்தான் கவனிக்க வேண்டும். பொடியாக வரும் நச்சுமுறிவு மருந்துக்குக் குளிர்பெட்டி அவசியமில்லை. முதல் தவணைக்கே எட்டு முதல் பத்துக் குப்பி கையிருப்பில் வேண்டும். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின், மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பை, இரண்டையும் பதற்றமில்லாமல் பயன்படுத்தத் தெரிந்த இருவர். இவ்வளவும் இருந்தால் உயிர் நிற்கும். (தமிழ்நாட்டில் இந்த மருந்துக்கான நஞ்சைப் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருவது 1978 முதல் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். பழங்குடியினரின் அறிவு ஊரையே காப்பாற்றுகிறது. அதே மருந்து கிடைக்காமல் மலையில் பழங்குடிக் குழந்தை சாவதைப் போன்ற அநியாயம் வேறில்லை.)

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், அந்த "உள்ளே ஆள் இருந்தால்" என்ற இடத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். நர்ஸ் ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், எந்நேரமும் ஒருவராவது இருக்க மூன்றரை பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், வீட்டு விசேஷம், மகப்பேறு எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். ஒரே ஒரு நர்ஸ் எப்போதும் இருப்பதற்கு மட்டும் ஐந்து சம்பளம்! மருத்துவர் ஒருவரே இருந்தால் ஒவ்வோர் இரவும் அவருடையதுதான். அப்படி யாரும் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. குறைந்தது இருவர் வேண்டும், அவர்களுக்குக் குடியிருக்க வீடு வேண்டும்.

அப்புறம் பிள்ளைகளின் படிப்பு. மலையிலிருந்து மருத்துவர்கள் இறங்கிப் போவது பெரும்பாலும் சம்பளம் போதாமல் அல்ல, பெரிய பிள்ளைக்குப் பள்ளி வயது வரும்போது. இதைத் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. நேர்காணலிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடம் வனத்துறை எல்லைக்குள் வருகிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, பழங்குடியினர் நிலமென்றால் அதைப் பெயர் மாற்ற முடியுமா என்பதையெல்லாம் தாசில்தார் அலுவலகத்தில் பார்த்துவிட்டுத்தான் கடைக்கால் தோண்ட வேண்டும். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு தேவை. மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள் உண்டு. 75 கிலோமீட்டருக்குள் பொதுக் கழிவு நிலையம் இருந்தால் அவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். உங்கள் ஊருக்கு அவர்கள் வண்டி வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வசதியே எட்டாத இடத்தில்தான் ஆழப் புதைகுழிக்கு அனுமதி கேட்க முடியும்.

வலிப்பு நோயாளிக்கு இந்த வழி நல்லதுதான், நடந்து வரும் தூரத்தில் இருந்தால். பத்து நாள் குழந்தைக்கு அது வந்து சேர்ந்த பிறகுதான் உதவும். வராத குழந்தையைக் கட்டடம் போய்க் கூட்டிவராது.

எங்கே பொருந்தும்: அருகில் இருக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிற இடம். சுற்றிலும் ஓரளவு மக்கள்தொகை இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு மருத்துவர்கள் அங்கேயே குடியிருக்க முடிவெடுத்திருக்க வேண்டும்.

## வழி 2: நடமாடும் மருத்துவ வண்டி

நகரத்திலிருந்து பார்க்கும்போது மிக நியாயமாகத் தோன்றும் வழி இது. மக்கள் சிதறி வாழ்கிறார்கள், நாமே தேடிப் போகலாமே! தமிழ்நாடு அரசும் நடமாடும் மருத்துவக் குழுக்களை நடத்துகிறது. வண்டி வாங்கும் முன் உங்கள் வட்டாரத்தில் அது எந்தெந்த ஊருக்கு, என்று வருகிறது என்று விசாரித்துவிடுங்கள்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலை. மலை ஏறி இறங்க இரண்டரை மணி, ஊர்களுக்கு நடுவே ஒன்றரை மணி, மேசை போட்டு எடுக்க ஒரு மணி. மிச்சம் மூன்று மணி நேரம். அறுபது பேர் வந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் இருமலுக்கு மாத்திரை கொடுக்கலாம், மார்பில் காது வைத்து நிதானமாகக் கேட்க முடியாது. இருபது குக்கிராமங்களைச் சுற்றினால் ஒவ்வோர் ஊருக்கும் மாதத்தில் ஒரு நாள் கிடைக்கும். மற்ற நாட்களில் யார் நோயில் விழுந்தாலும் வண்டி வேறு எங்கோ இருக்கும்.

பாம்பு கடித்தவருக்கு இந்த வண்டியால் பயனில்லை. இரவில் அது அடிவாரத்தில் நிற்கும். பத்து நாள் குழந்தை சரியாக வண்டி வரும் நாளில் நோயுற்றால்தான் தப்பும். வலிப்பு நோயாளிதான் உண்மையான சோதனை. மாதம் ஒருமுறை வண்டி வந்து மாத்திரை கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மண்சரிவு, பாலத்தில் வெள்ளம், ஓட்டுநர் லீவு என்று ஏதாவது ஒரு சுற்று தவறும். அந்தப் பெண்ணின் மாத்திரை தீர்ந்துபோகும். பிரஷர், சுகர் நோயாளிகளுக்கும் இதே கதைதான். வண்டியில் போகிறவர்கள் எப்போதும் ஒரு மாதத்துக்கு மேல் கூடுதலாகப் பதினைந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டும். அதையும் மீறி வண்டி தவறினால் மாத்திரை எடுத்துத் தர ஊரில் ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவரைத் தேட ஆரம்பித்தால் மூன்றாவது வழிக்கு வந்துவிட்டீர்கள்.

வண்டியின் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். டீசல் கண்ணுக்குத் தெரிந்த செலவு. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கும் கிளட்ச்சும் சமவெளியைவிட வேகமாகத் தேயும். கொல்லிமலைப் பாதையில் மட்டும் எழுபது வளைவு. மலை ஓட்டத் தெரிந்த நல்ல ஓட்டுநருக்கு டாக்டரைவிடத் தட்டுப்பாடு. மெக்கானிக் அடிவாரத்தில் இருப்பார், வண்டி நடுமலையில் நிற்கும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. கையில் எடுத்துப் போகும் ஸ்கேன் கருவியை நினைத்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் பதிவு செய்த இடத்தில், அல்லது மற்ற மருத்துவ சேவைகளும் தரும் பதிவு பெற்ற நடமாடும் பிரிவில்தான் பயன்படுத்தலாம். யாரோ நன்கொடையாகத் தந்த ஸ்கேன் கருவியை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினால் கருவி பறிமுதலாகும், கிரிமினல் வழக்கும் வரும்.

சாலையே இல்லாத ஊர்களை மறந்துவிடக் கூடாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. ஊர்வரை வண்டி போகச் சாலை இல்லாததால் உடலைத் தாய் கையில் சுமந்தபடி நடந்தார். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவியில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் ஏறியிருக்கிறார்கள். மருத்துவம் மிக அதிகமாகத் தேவைப்படும் ஊர்கள் இவைதான். நடமாடும் வண்டி போகவே முடியாத ஊர்களும் இவைதான்.

எங்கே பொருந்தும்: ஓரளவு நல்ல சாலை உள்ள தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள், பருவத்துக்கு இடம்பெயரும் தொழிலாளர்கள். பல், கண் போன்ற எப்போதாவது வரும் சிறப்பு மருத்துவம். மற்றபடி வண்டியைத் தனித் திட்டமாக நடத்தாதீர்கள்.

## வழி 3: ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களும் வாரம் ஒரு மருத்துவ நாளும்

இந்த வழிக்குத்தான் இந்தியாவில் மிக வலுவான சான்றுகள் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970 முதல் மேபெல், ரஜனிகாந்த் அரோலே தம்பதி எழுத்தறிவில்லாத பெண்களையே ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அதே மாநிலத்தின் கட்சிரோலியில் ராணி, அபய் பங்க் தம்பதியின் முயற்சி இன்னும் துல்லியமானது. 39 ஊர்களில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்க வைத்தார்கள். எடை போடுவது, சூடாக வைப்பது, பால் குடிக்கிறதா என்று கவனிப்பது, கிருமித்தொற்றின் அறிகுறி தெரிந்தால் வீட்டிலேயே ஆன்டிபயாடிக் ஊசி போடுவது. மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு ஒப்பீட்டு ஊர்களைவிட 62 சதவீதம் குறைந்திருந்ததாக 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இன்று ஆஷா எனப்படும் அரசின் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் தேசியத் திட்டத்துக்கு இதுதான் வேர்.

நம் பத்து நாள் குழந்தைக்கு இதைவிட நல்ல வழியே கிடையாது. அந்த வீட்டுப் பேச்சைப் பேசி, அந்த வீட்டுத் தீட்டுக்குள் நுழையத் தயங்காத சொந்தக்காரப் பெண் ஒருத்தி, பிள்ளையின் உடம்பைத் தொட்டுப் பார்த்து "அத்தை, இப்பவே கிளம்பணும்" என்று சொன்னால் கிளம்புவார்கள். வெளியிலிருந்து வந்த எம்.டி. மருத்துவர் அதையே சொன்னால் மாமியாரைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்பார்கள்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1987-இல் பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர் குடியிருப்புகளில் முதலில் தொடங்கியது ஊர்ச் சுகாதாரப் பணி. ஆதிவாசி மருத்துவமனை 1990-இல் வந்தது. ஊருக்குள் நோயைக் கண்டுபிடித்து அனுப்பத் தொடங்கிய பிறகு, அனுப்பிய இடத்தில் மரியாதையோடு படுக்க வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்ற தேவை மக்களிடமிருந்தே எழுந்தது. 1992-இல் மக்களுக்கான காப்பீட்டுத் திட்டமும் சேர்ந்தது. அரிவாள் அணு ரத்தசோகை போல வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டிய நோய்களை அங்கே தொடர்ந்து பார்க்க முடிவதற்கு, ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்த பணியாளர்கள் இருப்பதே காரணம்.

மருத்துவ நாளுக்கு ஊர் நடுவே வாடகை அறை போதும். எந்தக் கிழமை என்பதுதான் முக்கியம். சந்தை நாளில் வையுங்கள். மிளகும் தினையும் விற்க இறங்கி வரும் குடும்பம் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு போகும். ஒருமுறை கிழமையை அறிவித்துவிட்டால் மழையோ கட்சிக் கூட்டமோ, அதை மாற்றவே கூடாது. ஐந்து மணி நேரம் நடந்து வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அடுத்த முறை வர மாட்டார். அவர் ஊர்க்காரர்களும் வர மாட்டார்கள்.

செலவு குறைவு என்று நினைத்து இந்த வழிக்கு வராதீர்கள். பயிற்சி ஒருபோதும் முடிவதில்லை. மூச்சை எண்ணக் கற்றுக்கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். இதை மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம் போதும். அழுகிற குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைச் சரியாக எண்ணும் கை பழக மாதக்கணக்காகும். மாதாமாதம் இரண்டு நாள் கூடிப் படிக்க வேண்டும். நர்ஸ் ஒருவர் வீடு வீடாகக் கூடவே நடந்து, பதிவேட்டைப் பார்த்து, தவறைத் திருத்த வேண்டும். அந்த நர்ஸின் சம்பளத்தையும் பயணச் செலவையும் திட்டத்தில் எழுத மறந்தால், ஓர் ஆண்டில் பணியாளர் பெயருக்கு மட்டும் இருப்பார்.

தேர்வு இன்னொரு கண்ணி. ஊர்ப் பெரியவரிடம் மட்டும் கேட்டால் அவர் மருமகளைச் சொல்வார். பெண்களைத் தனியே உட்கார வைத்து "பிரசவ வலி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்தான் சரியான பெயர். கல்யாணமாகாத இளம்பெண்கள் வேகமாகக் கற்பார்கள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பெண்கள் மெதுவாகக் கற்பார்கள், நிலைத்திருப்பார்கள். நான் இரண்டாமவர்களைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவர்களுக்குப் பணம் கொடுக்காமல் "சேவை" என்று சொல்லி வேலை வாங்குவது தவறு. மிளகு பறிக்கும் நாட்களில் கூலியை விட்டுவிட்டு நோயாளியோடு போகிறவருக்கு அந்தக் கூலியாவது கிடைக்க வேண்டும்.

பணியாளர் ஊசி போடலாமா, எந்தெந்த மாத்திரை கொடுக்கலாம் என்பதில் சட்டம் கறாரானது. கட்சிரோலியில் ஆய்வுக் கட்டுப்பாட்டோடு செய்ததை நாமாகவே செய்துவிட முடியாது. உப்புச் சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை, இரும்புச்சத்து, பாராசிட்டமால், மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த தொடர் மாத்திரைகள் என்று பட்டியலை மருத்துவர் கையெழுத்தோடு வைத்துக்கொண்டு, அதற்குள் நில்லுங்கள்.

பாம்பு கடித்தவருக்கு? பணியாளர் கயிறு கட்ட விடமாட்டார், கீற விடமாட்டார், மந்திரிக்கக் கூட்டிப் போவதைத் தடுப்பார். கடிபட்ட காலை அசையாமல் கட்டி, 108-ஐக் கூப்பிட்டு, டோலிக்கு ஆள் திரட்டுவார். பொன்னான இரண்டு மணி நேரம் மிச்சமாகும். மருந்து அவரிடம் இல்லை. போய்ச் சேர ஓர் இடம் இல்லையென்றால் இந்த வழி பாதியிலேயே நின்றுவிடும். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கும் பிரசவத்துக்கும் இதே நிலைதான்.

எங்கே பொருந்தும்: ஏறக்குறைய எல்லா இடத்திலும், முதல் படியாக. சாலை இல்லாத ஊர்களுக்கு இது மட்டுமே வழி.

## வழி 4: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்வது

மலைப்பகுதிகளில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. சமவெளியில் இது 5,000, 30,000. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இவற்றுக்கு மருந்து வாங்கித் தருகிறது. நச்சுமுறிவு மருந்தும் காசநோய் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இவையெல்லாம் இருக்கும்போது நீங்கள் அதே மாத்திரையை விலைக்கு வாங்கிக் கொடுப்பது வீண்.

பல மலை நிலையங்களில் இல்லாதது இரவு வெளிச்சமும், தங்கும் வீடும், நோயாளியின் மொழி தெரிந்த துணையும்தான். இன்வெர்ட்டரும் பேட்டரியும், ஒழுகாத நர்ஸ் குடியிருப்பு, கூட வருபவர்களுக்குச் சமைக்க ஓர் இடம், கூடுதல் இரவு நர்ஸின் சம்பளம், திரும்பிப் போக பஸ் காசு. மாதம் நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கும் பிரசவக் காத்திருப்பு அறை சில நிலையங்களில் இருக்கிறது. கர்ப்பிணியின் சின்னப் பிள்ளைகளையும் கூட அழைத்து வந்து சாப்பாடு போட ஏற்பாடு செய்தால் அந்த அறை நிறையும், இல்லாவிட்டால் காலியாகக் கிடக்கும். இதற்கு ஆகும் பணம் கட்டடக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது.

இங்கே மறைந்திருக்கும் செலவு நேரமும் பொறுமையும். மாவட்ட சுகாதார அலுவலரின் அனுமதி, சில இடங்களில் ஆட்சியர் அலுவலகம், புரிந்துணர்வு ஒப்பந்தம். நல்ல மருத்துவ அலுவலர் மாற்றலாகிப் போனால் முதலிலிருந்து பேச வேண்டும். உங்கள் அமைப்பின் பெயர்ப்பலகை எங்கும் இருக்காது.

எங்கே பொருந்தும்: ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் நிலையம் இருந்து, அங்கே ஒரு மருத்துவராவது பணியில் இருக்கிறார் என்றால், இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

## பக்கம் பக்கமாக

| | மருத்துவமனை | வண்டி | ஊர்ப் பணியாளர், வார நாள் | அரசு நிலையத்தோடு |
|---|---|---|---|---|
| இரவுப் பாம்புக்கடி | மிக நன்று, ஆள் தங்கினால் | உதவாது | நேரம் மிச்சம், மருந்து இல்லை | இரவு நர்ஸ் இருந்தால் நன்று |
| வலிப்பு மாத்திரை | அருகில் உள்ளவர்களுக்கு நன்று | மழையில் அறுந்துபோகும் | மிக நன்று | நன்று |
| பத்து நாள் குழந்தை | வந்து சேர்ந்தால் | தற்செயல் | மிக நன்று | வந்து சேர்ந்தால் |
| பெரிய செலவு | சம்பளம், குடியிருப்பு | டீசல், பழுது, ஓட்டுநர் | தொடர் பயிற்சி, மேற்பார்வை | நேரம், அனுமதி |
| நிறுத்த நேர்ந்தால் | கட்டடம் பூட்டிக் கிடக்கும் | வண்டியை விற்கலாம் | கற்ற அறிவு ஊரில் தங்கும் | நிலையம் தொடர்ந்து இயங்கும் |

## எந்த நிலையில் எது

அரசு நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தால்: மூன்றும் நான்கும் சேர்ந்தே. பணியாளர்கள் ஊரில் கண்டுபிடித்து அனுப்ப, நிலையம் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நிலையம் தொலைவில், மருத்துவர்கள் தங்கத் தயார் என்றால்: மூன்றில் தொடங்குங்கள். வாடகை அறையில் இரண்டு மழைக்காலம் ஓடட்டும். பதிவேடு பேசத் தொடங்கும். இரவில் எத்தனை பேர் கதவைத் தட்டினார்கள், எத்தனை பிரசவம் அடிவாரத்துக்கு அனுப்பினோம் என்பது கையில் இருக்கும்போது நான்கு படுக்கையா பத்தா என்று தீர்மானிக்கலாம்.

மருத்துவர் யாரும் தங்கப் போவதில்லை, பணம் மட்டும் இருக்கிறது என்றால்: கட்டவே வேண்டாம். நான்காவது வழிக்குப் போங்கள், அல்லது ஏற்கெனவே மலையில் வேலை செய்பவர்களின் சம்பளச் செலவை ஐந்து ஆண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.

வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டோம் என்பவர்கள் அதை மாதச் சுற்றுக்கு விடாமல், வார மருத்துவ நாளுக்கு ஆட்களையும் மருந்தையும் கொண்டுபோகவும், திரும்பும்போது நோயாளிகளை இறக்கி வரவும் வைத்துக்கொள்ளலாம்.

## எந்த வழியானாலும்

மருந்துகளைத் தேர்ந்தெடுக்கும்போதே மின்சாரத்தை மனதில் வையுங்கள். பிரசவ ரத்தப்போக்குக்குப் போடும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்குக் குளிர் தேவையில்லை, உறையைப் பிரிக்காமல் ஈரம் படாமல் வைத்தால் போதும். கையிருப்பில் இரண்டும் இருக்கட்டும். வீட்டு ஃபிரிட்ஜ் மின்சாரம் போன சில மணி நேரத்தில் சூடாகிவிடும். தடுப்பூசிக்கு அரசு நிலையங்களில் வைத்திருக்கும் பனிச்சுவர்க் குளிர்பெட்டி அதைவிடப் பலமடங்கு நேரம் தாங்கும். சோலார் வைத்தால் பேட்டரியை மாற்றும் செலவை ஐந்தாண்டுக் கணக்கில் இப்போதே எழுதிவிடுங்கள். கருவிகளைச் சுத்திகரிக்க மின்சாரம் இல்லாவிட்டால் கவலையில்லை. விறகடுப்பில் வைக்கும் குக்கர் வகை ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் இருபது நிமிடம் நின்றால் வேலை முடிந்தது.

மருந்து வாங்க, வடோதராவின் லோகாஸ்ட் போன்ற அமைப்புகள் 1983 முதல் தொண்டு மருத்துவமனைகளுக்குத் தரமான ஜெனரிக் மருந்துகளைக் குறைந்த விலையில் தருகின்றன. நன்கொடையாக வரும் பாதி பிரித்த மருந்துப் பெட்டிகளை வாங்காதீர்கள். மலை மக்களுக்கும் நமக்குக் கொடுக்கும் அதே மருந்துதான் கொடுக்க வேண்டும்.

முதல் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த வட்டார மருத்துவ அலுவலரையும் கிராம சுகாதார செவிலியரையும் சந்தித்து, தொடர் சிகிச்சையில் இருப்பவர்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடம் தர ஒப்புக்கொள்ளுங்கள். பெயர், நோய், மாத்திரை, அளவு, கடைசியாக வாங்கிய தேதி. என்றாவது நீங்கள் நிறுத்த நேர்ந்தால், வலிப்பு மாத்திரை யார் யாருக்குத் தேவை என்பது அந்த வாரமே நிலையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.